நோயின் எல்லைக்கோடு

1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட்டைப் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் பரிசோதித்த ஹோவர்ட் புரூயன் என்னும் இருதய நிபுணர், அவருடைய இரத்த அழுத்தம் 186-க்கு 108 என்ற அளவில் இருப்பதையும், இருதயம் பருத்துத் தளர்ந்திருப்பதையும் கண்டு கலங்கினார். பல்லாண்டுகளாக ஜனாதிபதியின் தேக நலத்தைக் கவனித்துவந்த சொந்த வைத்தியருக்கோ, 62 வயது கடந்த மனிதருக்கு அந்த அழுத்தம் இயல்பை மீறியதாகத் தோன்றவில்லை. இருவரும் பார்த்தது ஒரே சரீரம். படித்தது ஒரே சாஸ்திரம். ஆனால் ஒருவர் நோயாளியைக் கண்டார், மற்றவர் வயதாகிவரும் ஓர் ஆரோக்கியவானைக் கண்டார். 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தம் கசிந்து ரூஸ்வெல்ட் மரணமடைந்த வேளையில் அழுத்தம் 300-க்கு 190 ஆக ஏறியிருந்தது. எனவே புரூயன் சொன்னதே சரி என்று இன்று எந்த மாணவனும் சொல்லிவிடுவான். ஆயினும் அந்த மாணவனிடம், ஜனாதிபதி எந்த நாளில் நோயாளியானார் என்று கேட்டால் அவன் திகைப்பான். 1937-இலேயே அவருடைய அழுத்தம் 162-க்கு 98. அன்று அவர் எழுந்தார், உண்டார், தேசத்தை ஆண்டார்; தமக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்னும் எண்ணமே அவருக்கு இருந்திருக்கக் காரணமில்லை.

ஆரோக்கியம் முடிந்து நோய் தொடங்கும் இடம் எது என்னும் இந்தக் கேள்விக்கு மனித சமூகம் தொன்றுதொட்டு இரண்டு விடைகளை வைத்துக்கொண்டிருக்கிறது. நோய் என்பது வெளியிலிருந்து வந்து உடலிற் குடிபுகும் ஒரு தனிப்பொருள் என்பது ஒரு விடை. பேயோட்டுகிறவனும், அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிறவளும், நுண்ணோக்கியின் கீழ்க் கிருமியைத் தேடுகிற விஞ்ஞானியும், தமக்குள் எத்துணை மாறுபட்டவராயினும், இவ்வொரு விஷயத்தில் ஒரே கட்சியினர். உடலுக்குள்ளேயே உள்ள தத்துவங்கள் தம் அளவில் மிகுவதோ குறைவதோ நோய் என்பது மற்றொரு விடை. ஹிப்போக்ரட்டீசின் வழிவந்த கிரேக்கர் கூறிய நால்வகை நீர்களின் சமநிலையும், சரகரும் சுசுருதரும் விரித்துரைத்த தோஷ சாம்யமும், நம் சித்த வைத்தியர்களின் வாத பித்த கபக் கணக்கும் இந்த இரண்டாம் கட்சியைச் சார்ந்தவை. வள்ளுவரும் இக்கட்சியினரே, ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தை அவர் அம்மூன்றின் மிகுதி குறைவுகளைச் சொல்லித் தொடங்கிவிட்டு, அடுத்த ஆறு குறள்களிலும் மருந்தை விட்டு உணவின் அளவையே பேசிச் செல்கிறார்.

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் முதற்கட்சியின் கை படிப்படியாக ஓங்கியது. தாவர நூலார் செடிகொடிகளை இனம் இனமாகப் பிரிப்பதுபோல் நோய்களையும் பிரித்தறிய வேண்டும் என்று லண்டன் வைத்தியர் தாமஸ் சிடென்ஹாம் கூறினார்; பதுவா நகரத்து மொர்காஞ்ஞி, தம்முடைய 79-ஆம் வயதில், 1761-இல் வெளியிட்ட பெருநூலில், ஏறத்தாழ 700 பிரேத பரிசோதனைகளின் சான்றைக் கொண்டு, ஒவ்வொரு நோய்க்கும் உறுப்புகளுள் ஓர் இருப்பிடம் உண்டு என்று காட்டினார். 1882 மார்ச் 24-இல் பெர்லினில் ராபர்ட் கோக் க்ஷயரோகத்தின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோது வழக்கு முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்களுள் முதன்மையானவர் மியூனிக் நகரத்துச் சுகாதார நிபுணர் பெட்டன்கோஃபர். நிலமும் நீரும் வாழ்க்கை நிலையும் இடங்கொடாவிடில் கிருமி மட்டும் காலராவை விளைவியாது என்று வாதித்த அவர், 1892 அக்டோபரில், தமது 73-ஆம் வயதில், காலராக் கிருமிகள் நிறைந்த திரவத்தைப் பலர் அறிய அருந்தி, சிறிது வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவருடைய கொள்கை தவறு. அவருடைய பிழைப்போ மெய். கிருமி உள்ளே சென்றது, நோய் பெரிதாக வரவில்லை. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், நியூயார்க்கில் பல செல்வர் வீடுகளில் சமையல் செய்த மேரி மல்லன் என்னும் மாதின் உடலில் டைபாய்டுக் கிருமி குடிகொண்டிருப்பதும், அவள் சமைத்த வீடுகளில் அந்நோய் தொடர்ந்து தோன்றியிருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டன. தனக்கு நோயே இல்லை என்று கடைசிவரை சாதித்த அவள், இரு தவணையாக ஏறக்குறைய 26 ஆண்டுகள் ஒரு தீவில் தனித்து வைக்கப்பட்டு, 1938-இல் இறந்தாள். அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? பிறரைக் கொல்லும் பொருள் அவளுக்குள் இருந்தது; அவளோ நலமாகவே இருந்தாள். நோயும் நோயின் காரணமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை.

காரணம் என்று ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும் என்பதும் உண்மையன்று. பெரிபெரி என்னும் நோயின் சரித்திரத்தை இங்கே சற்று விரித்துச் சொல்வது தகும். ஏனெனில் அதில் நம்மவர் அடுப்பங்கரைக்கும் ஓர் இடம் உண்டு. கால் மரத்து, வீங்கி, இருதயம் தளர்ந்து மனிதரைக் கொல்லும் இந்நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்காசியத் துறைமுகங்களிலும் சிறைகளிலும் படைவீடுகளிலும் சுரங்கங்களிலும் ஆயிரக்கணக்கானவரை வீழ்த்திக்கொண்டிருந்தது. கோக்கின் புகழ் உச்சத்திலிருந்த காலம் அது. ஆதலால் டச்சு அரசாங்கம் 1886-இல் ஜாவாவுக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவும் ஒரு கிருமியைத் தேடியே சென்றது. அக்குழுவோடு சென்று பட்டேவியாவில் தங்கிவிட்ட கிறிஸ்டியான் எய்க்மான், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குக் கால்கள் துவண்டு பெரிபெரியை ஒத்த நோய் வந்ததையும், சில மாதங்களில் அது தானே நீங்கிவிட்டதையும் கண்டார். விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தின் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டதும், அதன்பின் தவிடு நீங்காத அரிசியைத் தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டதும் தெரியவந்தன. அதிகார வர்க்கத்தின் கஞ்சத்தனம் மருத்துவ சாஸ்திரத்துக்கு உதவிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. பின்னர் ஃபோர்டர்மான் என்னும் அதிகாரி ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்ததில், தீட்டிய வெள்ளரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவரும், தவிட்டரிசி உண்டவர்களில் பதினாயிரம் பேருக்கு ஒருவரும் பெரிபெரியால் பீடிக்கப்பட்டிருந்தது புலனாயிற்று.

இவ்வளவும் கைக்குக் கிட்டிய பின்பும், எய்க்மானின் மனம் ஒரு பகைப்பொருளையே நாடியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. வெள்ளரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்றே அவர் முடிவு கட்டினார். அவருக்குப்பின் அதே ஆய்வுக்கூடத்தில் உழைத்த கிரைன்ஸ் என்பவர்தான், 1901-இல், விஷம் ஒன்றுமில்லை, உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று அந்த அரிசியில் இல்லை, அந்த இன்மையே நோய் என்று கூறினார். மலேயாவில் வைத்தியம் செய்த பிராடன், இதே நாட்களில், ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் உழைத்த தமிழர்களைப் பெரிபெரி அணுகுவதே அரிதாயிருப்பதையும், அதே மண்ணில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் அதனால் கூட்டங்கூட்டமாக மடிவதையும் கண்டு, வேற்றுமை அரிசியிலேயே இருக்கிறது என்றார். அதைச் சோதிக்க எண்ணிய ஃபிளெட்சர், 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்குச் சயாம் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுக்கச் செய்தார். பச்சரிசி உண்டவருள் பலருக்கு நோய் கண்டு 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசிக்காரருள் எவரும் இந்நோயால் இறக்கவில்லை. சம்மதம் சொல்ல இயலாதவர்மீது நடத்திய இந்தப் பரீட்சையை இன்று எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அது நிற்க, நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும் நம் வழக்கத்தில், தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது என்பது பிற்காலத்தில் விளங்கியது. மலேயாத் தமிழர் வலிமையால் நோயை வென்றவரல்லர். அவர்கள் நோய்க்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. பாட்டியின் அடுப்பங்கரை வழக்கத்தைக் கடல் கடந்தும் விடாதிருந்தார்கள், அவ்வளவே. உடலுக்குள் புகுந்த எதையும் சுட்டிக்காட்ட இயலாத ஒரு நோயின் முன், வெளியிலிருந்து வரும் தனிப்பொருள் என்னும் கொள்கைக்கு நிற்க நிலமில்லை.

அப்படியானால் இரண்டாம் கட்சியே வென்றதா? அதன் நவீன சரித்திரமும் விசித்திரமானதே. பாரிசில் இராணுவ வைத்தியராயிருந்த புரூஸே, உறுப்புகளின் கிளர்ச்சி அளவு மீறுவதே எல்லா நோயும் என்று போதித்து, அதைத் தணிக்க அட்டை விடுவதையே சர்வரோக நிவாரணமாக்கினார். அவருடைய செல்வாக்கின் உச்சத்தில், 1833-ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு தேசம் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. அந்தத் தத்துவத்தையே இரத்தம் சிந்தாமல் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் க்ளோத் பெர்நார். சர்க்கரை என்பது தாவர உணவிலிருந்தே உடலுக்கு வருகிறது என்றும், இரத்தத்தில் அது இருப்பதே நீரிழிவின் அடையாளம் என்றும் எண்ணிய காலத்தில், இறைச்சி மட்டுமே உண்ட பிராணியின் இரத்தத்திலும் சர்க்கரை இருப்பதையும், அதை ஈரலே ஆக்கித் தருவதையும் அவர் 1848-இல் நிரூபித்தார். அடுத்த ஆண்டில், மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் ஊசியாற் குத்தியே ஒரு முயலைச் சில மணி நேரம் நீரிழிவுக்காரனாக ஆக்கிக் காட்டினார். ஆரோக்கியவானின் இரத்தத்தில் இல்லாத எதுவும் நீரிழிவுக்காரனின் இரத்தத்தில் இல்லை, உள்ளதே மிகுந்திருக்கிறது. ஆகவே சுகமும் பிணியும் ஒரே அளவுகோலின் மேலும் கீழுமான இடங்கள், பிணியின் இலக்கணம் சுகத்தின் இலக்கணத்திலிருந்தே பெறப்பட வேண்டியது என்று அவர் முடிவு செய்தார். 1865-இல் வெளிவந்த அவருடைய பரிசோதனை மருத்துவ நூல் இந்நம்பிக்கையைப் பிற்காலத்தவர்க்கெல்லாம் பாடமாக்கிற்று. இன்று ஆய்வுக்கூடச் சீட்டில் நம் அளவுக்கு எதிரே ‘இயல்பான அளவு’ என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவே, அவை பெர்நாரின் சந்ததி.

அளவுகோல் ஒன்றே என்றால் அதன்மேல் கோடு கிழிப்பவர் யார் என்ற கேள்வி எழும். 1950-களில் இங்கிலாந்தின் இரு பேராசிரியர்கள் இதைக் குறித்து நெடுங்காலம் வாதிட்டனர். உயர் இரத்த அழுத்தம் பரம்பரையாக வரும் ஒரு தனி நோய், அதை உடையவரும் இல்லாதவரும் இரு வேறு இனத்தவர் என்றார் ராபர்ட் பிளாட். மக்கள் திரளின் அழுத்தங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் எங்கும் பிளவு காணவில்லை, உயரம் போல அதுவும் ஒருவர்க்கொருவர் சிறிது சிறிதாகவே வேறுபடுகிறது, கோடு இயற்கையில் இல்லை, வைத்தியர் மனத்திலேயே இருக்கிறது என்றார் ஜார்ஜ் பிக்கரிங். பிற்காலத்து ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பிக்கரிங்கையே ஆதரித்தன. மனத்திலுள்ள கோடு இடம் பெயர்வதும் எளிது: 2017-இல் அமெரிக்க இருதய வைத்தியர் சங்கங்கள் 140-க்கு 90 என்றிருந்த எல்லையை 130-க்கு 80 ஆகத் தாழ்த்தியபோது, அந்நாட்டு வயதுவந்தோரில் நூற்றுக்கு 32 பேராயிருந்த உயர் அழுத்தக்காரர் நூற்றுக்கு 46 பேராயினர். ஒருவர் உடலிலும் ஒன்றும் மாறவில்லை. இதைச் சதியென்று சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு சொல்லேன். அழுத்தம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பது மெய். எங்கேயாவது கோடு கிழித்தாக வேண்டும் என்பதும் மெய். ரூஸ்வெல்ட்டின் சொந்த வைத்தியர் செய்ததுபோல் எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவது பெரும் பிழை. ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பதற்கு நோய் என்று பெயரிடுவதினும், நோய் வரக்கூடிய வாய்ப்பு என்று பெயரிடுவதே நேர்மையானது என்பது என் துணிபு. ஒன்றை உடையவன் நோயாளி. மற்றதை உடையவன் எச்சரிக்கப்பட்ட ஆரோக்கியவான்.

அளவு ஒன்றாகவே இருந்தும் இடத்துக்கேற்ப நன்மை தீமை மாறும் விந்தையும் உண்டு. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாக வளையும் பரம்பரை இயல்பை 1910-இல் சிகாகோவில் ஹெரிக் முதன்முதலில் விவரித்தார். 1949-இல் பாலிங்கும் அவருடைய துணைவரும் அதன் மூலம் ஹீமோகுளோபின் மூலக்கூற்றிலுள்ள ஒரு மாறுபாடே என்று காட்டினர். 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேயும் லேமனும் கட்புஷும் அதைக் கண்டறிந்தனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இவ்வியல்பைப் பெறும் குழந்தை கொடிய வேதனைக்கு ஆளாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையோ, 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆலிசன் நிறுவியபடி, மலேரியா மலிந்த நாட்டில் மற்றக் குழந்தைகளைவிடப் பத்திரமாக வளர்கிறது. அதே இரத்தத்தை மலேரியா இல்லாத நகரத்துக்குக் கொண்டுவந்தால் அந்த நன்மை மறைந்துபோகிறது. ஆகவே இந்த இரத்தம் இயல்பானதா, பழுதானதா என்று சோதனைக் குழாயைப் பார்த்துக் கேட்பது பயனற்ற கேள்வி. எந்த ஊரில், எந்தக் கொசுக்களின் நடுவில் என்றும் சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும்.

இவ்விரு கட்சிகளையும் கடந்து நின்ற ஒரு விடையை, பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் ஜார்ஜ் கங்கிலெம் 1943-இல் தம் வைத்தியப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வில் கூறினார். ஜெர்மானியர் ஆக்கிரமித்த நாட்டில், எதிர்ப்பு இயக்கத்தில் பணிபுரிந்துகொண்டே அதை எழுதினார் என்பது அந்நூலின் உறுதியான குரலுக்கு ஒரு காரணமாயிருக்கலாம். பெர்நாருக்கு அவர் சொன்ன மறுமொழியின் சாரம் இது: சர்க்கரை மிகுந்தது என்பது இரத்தத்தைப் பற்றிய செய்தி, தாகத்தால் இரவெல்லாம் விழித்து, உண்டும் மெலிந்து, சிறு புண்ணும் ஆறாமல் வாழ்கிறவனின் நிலையோ முந்தைய வாழ்வின் மிகுதி அன்று, வேறொரு வாழ்வு. அந்த வாழ்வுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு; ஆனால் அது குறுகிய ஒழுங்கு. இதற்கு அவர் துணைகொண்டவர்களுள் ஒருவர் கூர்ட் கோல்ட்ஸ்டைன். முதல் உலகயுத்தத்தில் மூளையிற் காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஃபிராங்பர்ட்டில் நிலையம் நடத்திய கோல்ட்ஸ்டைன், அவர்களில் பலர் தம் உடைகளையும் மேசைப் பொருள்களையும் மிதமிஞ்சிய ஒழுங்கோடு அடுக்கிவைப்பதைக் கண்டார். மேற்பார்வைக்கு அது நல்ல பழக்கம் போலவே இருக்கும். ஆனால் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தாலோ, எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டாலோ அவர்கள் முற்றும் நிலைகுலைந்து போயினர். மாறுதலைத் தாங்கும் திறன் போய்விட்டதனால், மாறுதலே நேராத ஒரு சிற்றுலகைத் தமக்கென அமைத்துக்கொண்டு, அதற்குள் அவர்கள் சாமர்த்தியமாகவே வாழ்ந்தார்கள். நோயாளியை ஒழுங்கு இழந்தவன் என்று நினைப்பது தவறு. ஒரே ஓர் ஒழுங்கைத் தவிர வேறொன்றை ஏற்க இயலாதவன் அவன்.

அப்படியாயின் ஆரோக்கியம் என்பது, இரவு விழித்தாலும், மழையில் நனைந்தாலும், இரண்டு வேளை பட்டினி கிடந்தாலும், ஏன், நோயே வந்தாலும், மீண்டு எழும்படி உடலுக்குள்ள உபரிச் சக்தி. தம் சிறுநீரகங்களில் ஒன்றை உறவினர்க்கு ஈந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய இரத்தப் பரிசோதனை குறை சொல்ல இடமின்றி இருக்கலாம். அவர் வயலில் உழைக்கலாம், பிள்ளை பெறலாம். அவரை நோயாளி என்பது அறிவீனம். ஆனால் எஞ்சிய ஒன்றுக்கு விபத்து நேர்ந்தால் தாங்கும் இடம் அவருக்கு இல்லை. சேமிப்பு முழுவதையும் ஒரு நற்காரியத்துக்குக் கொடுத்துவிட்டு, மாதச் சம்பளத்தில் குறைவின்றிக் குடும்பம் நடத்துகிறவரை அவர் ஒத்திருக்கிறார். இருதயம் தளர்ந்தவரோ மாடி ஏறுவதை விடுகிறார், பின்பு சந்தைக்குப் போவதை விடுகிறார், பின்பு திண்ணையோடு நிற்கிறார். ஒவ்வொரு படியிலும் தமக்கு ஒரு துன்பமும் இல்லை என்று அவர் சொல்வது பொய்யன்று. வைத்தியர் அவரிடம் கேட்க வேண்டியது எங்கே வலிக்கிறது என்பதோடு, சென்ற ஆண்டு செய்த எதை இந்த ஆண்டு விட்டுவிட்டீர்கள் என்பதையும்தான்.

உடலின் சக்தியை அளவையாகக் கொள்ளாமல், சமூகத்தின் விருப்பு வெறுப்பை அளவையாகக் கொண்டவர்கள் எவ்வளவு தூரம் வழுவினார்கள் என்பதற்கு அமெரிக்காவின் தென்பகுதி வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட் ஒருவரே போதும். 1851-இல் அவர், எஜமானனை விட்டு ஓடிப்போக முயலும் அடிமைகளுக்கு ஒருவகைப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கண்டு, அதற்குக் கிரேக்கப் பெயரொன்றும் சூட்டி, சவுக்கடியைச் சிகிச்சையாக விதித்தார். ஓடும் அடிமையின் திறன் ஒன்றும் குறுகவில்லை. குறுகியது அவனைக் கட்டியிருந்த சங்கிலியே. தன்பால் விருப்பம் 1973 வரை அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் பட்டியலிலும், 1990 வரை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இருந்தது. புதிய நோய்ப் பெயர் ஒன்று கேள்விப்படும்போதெல்லாம், இதனால் துன்புறுகிறவர் யார், அவரா அல்லது அவரைக் கண்டு முகஞ்சுளிக்கிறவரா என்று கேட்டறிவது மருத்துவருக்கும் மற்றவருக்கும் பொதுவான கடமை.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு, 1948 ஏப்ரல் 7-இல் அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தை நோக்கினால், அதன் தாராள மனமும் அதன் குறையும் ஒருங்கே விளங்கும். நோயின்மை மட்டும் ஆரோக்கியமாகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் பூரண நலத்தோடு இருப்பதே ஆரோக்கியம் என்று அது வகுக்கிறது. யுத்தத்தில் வெந்து மீண்ட உலகம் அவ்வாறு ஆசைப்பட்டது இயற்கை. வறுமையும் வீடின்மையும் வைத்தியத்தின் விஷயங்களே என்று அரசுகளை ஒப்புக்கொள்ளச் செய்ததும் அதன் நற்பயன். ஆனால் பூரண நலம் என்பது எந்த மனிதனுக்கும் சில நிமிஷங்களுக்கு மேல் வாய்ப்பதில்லை. அந்த அளவையால் அளந்தால் முதியவர், மாத்திரையோடு நன்றாக வாழும் நீரிழிவுக்காரர், ஒற்றைச் சிறுநீரகத்தோடு உழுகிறவர் யாவரும் ஆயுள் முழுதும் நோயாளிகளே. தாங்கும் திறனையும் மீளும் திறனையும் அளவையாக வைத்து அந்த வாசகத்தைத் திருத்தியெழுத வேண்டுமென்று அறிஞர் பலர் கேட்டுவந்திருக்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயமே. 1948-இல் அமலுக்கு வந்த வாசகம் இன்றுவரை திருத்தப்படவில்லை.